ஒன்றே ஒன்று என்று நீட்டிய கைகள்

கல்கத்தாவில் நம்மவர் வட்டாரத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் முகத்துக்கு எதிரே அதைச் சொல்லும் துணிவு எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் அது என் காதுக்கு வராமலும் இல்லை. 'சுண்டல் சூப்பரிண்டெண்டு' என்பது அந்தப் பெயர். பட்டப் படிப்பை முடித்துக்கொண்டு, சிபாரிசு எதுவுமின்றிச் சர்க்கார் கணக்கு இலாகாவில் நுழைந்து, ஒரு பிரிவுக்குத் தலைமை வகிக்கும் நிலைக்கு உயர்ந்தவன் நான். அந்தப் பதவியின் தலையில் ஒரு பிடிக் கடலையைக் கொட்டிச் சிரித்தவர்கள், என் வீட்டுக்கு வந்து என் கையால் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனவர்களே. விருந்தாளிக்கு ஓர் இனிப்பு வைக்க மனமில்லாத கருமி என்பது அவர்கள் எனக்கு வழங்கிய தீர்ப்பு. இத்தனை காலமாக நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. என் மனைவியின் நோயைச் சாட்சிக்கு இழுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. இப்போது அவளும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் பெரும் யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம் அது. பவானிப்பூரில் ஒரு சந்தில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். நான், என் மனைவி, எங்கள் குழந்தைகள், என் தகப்பனாருடன் பிறந்த அத்தை ஆகியோரே குடும்பம். ஒரு மழைக்கால மாலையில், முற்றத்தில் கிடந்த மண் கலயத்தின் ஓட்டுச் சில்லொன்று என் மனைவியின் இடது கால் பெருவிரலுக்கு அடுத்த விரலைக் கிழித்துவிட்டது. அது இனிப்புத் தயிர் விற்கும் கலயத்தின் சில்லு. முந்தின நாள் அவள்தான் அதை ஆசையாக வாங்கிவரச் சொல்லியிருந்தாள். சிறிய காயம். மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினோம். மழை ஓய்ந்த பிறகும் காயம் ஆறவில்லை. விரலின் நிறம் மாறத் தொடங்கியபோது மருத்துவரை அழைத்தேன்.

அவர் அவ்வூர் மருத்துவக் கல்லூரியில் தேறிய வங்காளி. குறைவாகப் பேசுபவர். காயத்தைச் சற்று நேரமே பார்த்தார். பிறகு சிறுநீர் கேட்டு வாங்கி, நீலத் திராவகம் ஒன்றோடு சேர்த்துக் குழாயில் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு என்றார். அந்நாளில் அதற்கு ஊசி மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது. வாயைக் கட்டுவதுதான் மருந்து. சீனி, வெல்லம், பாயசம், மிட்டாய், இனிப்புத் தயிர் ஒன்றும் நாக்கில் படக்கூடாது. சோறும் மிகக் கொஞ்சமே. இவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் புண் ஆற வழியுண்டு. இல்லையேல் முதலில் விரல் போகும், பின்னர் பாதம் போகும், அதன் பின் தாம் செய்யக்கூடியது எதுவும் இருக்காது என்று அவர் ஆங்கிலத்தில், ஒரு தீர்மானத்தைப் படிப்பதுபோல், எனக்குச் சொன்னார். என் மனைவிக்கு நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, குழந்தைகளுக்குப் பலகாரம் பண்ணலாமா என்பது.

பண்ணக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். அடுப்படியில் வெல்லப்பாகு கொதிக்க, அதைக் கிளறுகிறவளை மட்டும் பட்டினி போடும் வீட்டில் நான் குடும்பத் தலைவனாக இருக்க விரும்பவில்லை. அவளுக்கு இல்லாதது எவருக்கும் இல்லை. சீனி டப்பாவையும் வெல்லப் பானையையும் அன்றைக்கே வெளியேற்றினேன்.

மாலைப் பலகாரத்துக்கு என்ன செய்வது என்பது அடுத்து எழுந்த பிரச்சினை. இங்கே என் மனைவியின் சாமர்த்தியத்தைச் சொல்லியாகவேண்டும். கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை ஆகியவற்றை மாற்றி மாற்றி ஊறவைத்து, வேகவைத்து, கடுகும் மிளகாயும் தாளித்துத் தேங்காய் தூவினாள். ஊறிய பயத்தம்பருப்போடு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து கோசுமல்லி செய்தாள். வேர்க்கடலையைத் தோலோடு உப்பு நீரில் வேகவைத்தாள். வெறும் வாணலியில் வறுத்த கடலையோடு மிளகுத்தூளைப் பிசறி வைத்தாள். முற்றாத கொய்யாக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னக் கொடுத்தாள். தேங்காயைக் கீற்றுக் கீற்றாகக் கீறி, இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோரோடு வைத்தாள். குழந்தைகள் சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். பிறகு கோசுமல்லி யாருக்கு எவ்வளவு என்று சண்டை போட்டார்கள். வீட்டில் எவரும் எதையும் இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இனிப்பில்லாவிட்டால் குழந்தைகள் வாடிப்போவார்கள் என்று என்னிடம் உபதேசம் செய்தவர்களை அழைத்து, என் குழந்தைகளின் கன்னங்களைக் காட்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடம் அத்தாட்சி காட்டுவது எனக்குக் கௌரவக் குறைவு என்று பட்டதால் காட்டவில்லை.

ஒரே ஒரு பொருளில் வீட்டுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்து திரியவைத்து, துணியில் வடிகட்டி, மிஞ்சும் சானாவை உப்பும் மிளகும் சேர்த்துத் தினமும் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தை மடி ஆசாரத்தில் ஓர் இழை தவறாதவர். பால் திரிந்தால் அது அசுபம் என்று கொல்லையில் கொட்டும் வீடு எங்களுடையது.

"ஏண்டா, காலேஜ்லே படிச்சவன்தானே நீ? ஸ்வாமி இருக்கற ஆத்துலே வேணும்னுட்டுப் பாலைத் திரிய வெப்பாளா யாராவது?" என்று கேட்டார்.

"நீங்க ஏகாதசிக்கு சந்தேஷ் சாப்பிடறேளே அத்தை, அது எதுலே பண்ணினதுன்னு நெனச்சுண்டிருக்கேள்?"

"பாலிலேதான். பாலிலே பண்ணினதுக்குப் பத்து, தீட்டு ஏது?"

"திரிஞ்ச பாலிலே. இதே சானாதான். சீனியைப் போட்டுப் பிசைஞ்சு அச்சிலே அழுத்தியிருக்கான்."

பத்து ஆண்டுகளாகத் தாம் விரதத்துக்கு உட்கொண்டது இன்னதென்று அந்தக் கணத்தில்தான் அத்தைக்கு விளங்கியது. "இதை நீ என்கிட்டே சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அன்று முதல் சந்தேஷை விட்டுவிட்டார். சானாவுக்கும் அனுமதி தந்தார்; வெளி வராந்தாவில் தனிக் குமுட்டி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், தம் கண்ணில் படாமல் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அத்தையிடம் எனக்குக் கோபமில்லை. விவரம் தெரிந்தவுடன் தம் நாக்கைக் கட்டினார். அதன் பிறகு ஒரு தடவைகூட என் மனைவியின் முன்னால் இனிப்பு என்ற சொல்லை அவர் எடுத்ததில்லை. படித்த சீமாட்டிகளுக்கும் கனவான்களுக்கும் இல்லாத புத்தி அது.

புண் ஆறத் தொடங்கியது. விளிம்பில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் கண்டது. மருத்துவர் முதன்முறையாகப் புன்னகை செய்தார். அப்போதுதான் நவராத்திரி வந்தது.

எங்கள் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் போதும். அதில் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. ஆனால் வெற்றிலை பாக்குக்கு என் மனைவி போன வீடுகளிலெல்லாம் சுண்டலோடு ஓர் உருண்டையும் இருந்தது. ஒரு வீட்டில் லாடு, ஒரு வீட்டில் திரட்டுப்பால், ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். அவள் மறைக்கவில்லை. எனக்கு உடம்புக்கு ஆகாது, வைத்தியர் கூடாதென்றிருக்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பதில். "ஒண்ணே ஒண்ணு மாமி. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது." பிரசாதம் என்று பெயர் சூட்டிவிட்டால் சீனி சீனியாக இல்லாமல் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? கொடுப்பவளுக்கு அது ஒன்று. ஐந்து வீடு ஏறி இறங்கும் நோயாளிக்கு அது ஐந்து. இந்தக் கூட்டல்கூடவா எழுத்தறிந்த குடும்பங்களுக்குத் தெரியாது?

நடுவில் ஒரு நாள் மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, யார் வீட்டு விருந்து என்று என்னைக் கேட்டார். புதுத் தோல் வெளுத்துக் கரைந்திருந்தது. எனக்குக் கீழே வேலை பார்ப்பவன் செய்த பிழைக்குக்கூட நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. இனி எந்த வீட்டுக்கும் போகவேண்டாம் என்று உத்தரவிட்டேன். அழைக்க வந்தவர்களை நானே வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். அதன் பலன் அலுவலகத்தில் உடனே தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சக அதிகாரி ஒருவர், நாலு பேர் இருக்கும் இடத்தில் வெற்றிலையை மென்றுகொண்டே, "என்ன ஓய், எல்லாராத்துலேயும் நவராத்திரி ஒம்பது நாளிலே முடிஞ்சுடறது. உம்மாத்துலே மட்டும் வருஷம் பூராவும் சுண்டலாமே?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பட்டப்பெயர் பிறந்தது அன்றுதான். அவருடைய மனைவிதான் திரட்டுப்பால் கொடுத்தவர்.

விஜயதசமி வந்தது. அடுத்த வீட்டில் அலிப்பூர்க் கோர்ட்டில் வக்கீலாக இருந்த ஒரு பெரிய மனிதர் வசித்தார். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் துர்க்கா பூஜை நடந்து வந்தது. வக்கீலின் மனைவியை என் மனைவி தீதி, அதாவது அக்கா, என்று அழைப்பாள். பாஷை தெரியாமல் வந்திறங்கிய காலத்தில் இவளுக்கு வங்காளம் கற்றுக்கொடுத்ததே அந்த அம்மாள்தான். தசமியன்று அம்மன் நீரில் இறங்குமுன் சுமங்கலிகள் கூடி அம்மன் வாயில் இனிப்பை வைத்து, நெற்றியில் செந்தூரம் இட்டு, பிறகு ஒருவருக்கொருவர் செந்தூரம் அப்பி இனிப்பு ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கம். ஆண்டுதோறும் என் மனைவியையும் அழைப்பார்கள். போகக்கூடாது என்றேன்.

"ஸ்வாமி காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கா. தீதி முகத்தை முறிச்சுண்டா நன்னாவா இருக்கும்? குங்குமத்தை மட்டும் இட்டுண்டு வந்துடறேன்" என்றாள்.

அவளுடைய சொல்லை நம்பி அனுப்பினேன். திரும்பி வந்தபோது நெற்றியும் கன்னமும் சிவப்பு. உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்.

"வேண்டாம்னுதான் சொன்னேன். செந்தூரத்தோட குடுக்கறதை வேண்டாம்னா புருஷன் ஆயுசுக்கு ஆகாதாம். அத்தனை பேரும் சொல்றா. நான் எப்படி வாயை மூடிண்டு நிப்பேன்?"

"எத்தனை பேர் ஊட்டினா?"

அவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு சினம் வந்ததில்லை. அவளிடம் அல்ல, அவளை அந்தக் கட்டத்தில் நிறுத்தியவர்களிடம். என் ஆயுளை ஒரு தட்டில் வைத்து, அவளுடைய காலை மற்றொரு தட்டில் வைத்து, தேர்ந்தெடு என்று சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார்கள். என் ஆயுளுக்கு ஜாமீன் கேட்கும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது? திடகாத்திரமாக அலுவலகம் போய்வரும் ஒருவனுடைய ஆயுளுக்காக, நோயாளி ஒருத்தி நஞ்சை விழுங்கவேண்டுமென்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? எழுதியிருக்கவில்லை. நான் பண்டிதர்களிடம் பின்னர் கேட்டும் பார்த்தேன். அது அந்த இடத்தில், ஒரு சந்தேஷை ஓர் உதட்டுக்குள் தள்ளுவதற்காகச் சொல்லப்பட்ட சொல். எவரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தோடு செய்தவனையாவது கோர்ட்டில் நிறுத்தலாம்.

அன்று மாலை விஜயதசமி மரியாதைக்காக வக்கீல் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மனை வழியனுப்பிய பின் அண்டை வீடுகளுக்குச் சென்று பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவதும், வந்தவர்களின் வாயை இனிப்பால் நிறைத்தனுப்புவதும் அவ்வூர் முறை. நான் தட்டுகளைத் தயாராக வைத்திருந்தேன். மிளகும் இஞ்சியும் சேர்ந்த சானா, பட்டாணிச் சுண்டல், கோசுமல்லி, தேங்காய்க் கீற்று. வெள்ளித் தட்டுகள். பார்வைக்கு எந்த ராஜா வீட்டு உபசாரத்துக்கும் குறைந்ததல்ல. வக்கீல் தட்டை வாங்கி, சற்று உற்றுப் பார்த்து, மேஜைமேல் வைத்தார். விஜயதசமியன்று உப்போடு அனுப்புவது எங்கள் மதராஸ் வழக்கமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அவர் பின்னால் நின்றவர்கள் பார்வையைப் பரிமாறிக்கொண்டார்கள். தீதி மட்டும் நிலைமையைச் சரிக்கட்ட விரும்பித் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்தார். சந்தேஷ். என் மனைவியிடம் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஏக்டாய் கிச்சு ஹோபே நா" என்றார். ஒன்றால் ஒன்றும் ஆகிவிடாது என்று பொருள்.

நான் வாயைத் திறப்பதற்குள், அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள் என் மனைவியை வணங்கக் குனிந்தாள். அந்த நோய் கண்ட நாளிலிருந்து என் மனைவி பாதங்களைப் புடவைக்குள் மறைத்தே உட்காருவாள். இப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தன் வணக்கத்தை ஏற்க மறுக்கிறாளோ என்று அந்தப் பெண் பயந்துவிட்டாள் போலும். கையைக் கொசுவத்துக்குள் நீட்டிப் பாதத்தைத் தேடினாள். எழுந்தபோது அவள் விரல் நுனிகள் ஈரமாயிருந்தன. தலையில் ஒற்றிக்கொள்ளக் கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

தீதி குனிந்து, தம் கையாலேயே புடவையின் விளிம்பை விலக்கிப் பார்த்தார். காலையில் கட்டிய துணி மஞ்சளாக நனைந்திருந்தது. அதற்கு அப்பால் விரலின் நுனி கறுத்திருந்தது. அந்நியர் முன்னிலையில் என் மனைவியின் பாதம் அப்படி வெளிப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆயினும் நான் தடுக்கவில்லை.

என் மனைவி வங்காளத்தில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க குடுத்த ஒண்ணு இங்கேதான் வந்து சேர்றது தீதி. மத்தவா குடுத்த ஒண்ணும் இங்கேதான்" என்றாள்.

தீதியின் கையில் இருந்த சந்தேஷ் அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பாத்திரத்தில் போட்டு மூடினார். வக்கீல் மேஜைமேல் வைத்த தட்டை எடுத்து, நின்றுகொண்டே, சானா முழுவதையும் தின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்ததும் மருத்துவர் அந்த விரலை எடுத்துவிட்டார். பாதம் தப்பியது. தசமிக்குப் பிறகு ஒரு துணுக்கு இனிப்புக்கூட அவள் வாயில் படாததால்தான் தப்பியது என்று அவர் சொன்னார். தசமிக்கு முன்னாலும் படாமல் இருந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

மறு ஆண்டு தசமிக்குத் தீதி நேரில் வந்து அழைத்தார். என் மனைவி போனாள். பெண்கள் செந்தூரத்தோடும் தட்டோடும் அவளைச் சூழ்ந்தபோது, தீதி அவர்களை விலக்கிவிட்டு, தம் வீட்டில் தனியாகச் செய்துவைத்திருந்த உப்புச் சானாவை அவள் வாயில் வைத்தாராம். சகுனம் என்று முணுமுணுத்த ஒரு கிழவியைத் தம் பாஷையில் நன்றாகத் திட்டினாராம். அந்த அம்மாளிடம் எனக்கிருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது. உப்பு போட்ட அந்தச் சானாவால் என் ஆயுளுக்கும் பங்கம் எதுவும் வரவில்லை. எழுபதைத் தாண்டி உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களிடம் உள்ள கோபம் தீரவில்லை. விரல் போன செய்தி நம்மவர் வீடுகளுக்கெல்லாம் எட்டியது. எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். அடுத்த நவராத்திரிக்கு அதே திரட்டுப்பாலை அதே கிண்ணத்தில், "இப்பத்தான் நன்னா ஆயிடுத்தே மாமி, ஒண்ணே ஒண்ணு" என்று அதே கை நீட்டியது. இந்தத் தடவை என் மனைவி வாதாடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்த வறுத்த கடலையில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அந்தச் சீமாட்டியிடம் நீட்டி, "நீங்களும் எடுத்துக்கோங்கோ" என்றாளாம். அதன் பின் அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த முடிச்சோடுதான் போவாள். கல்யாண வீடுகளில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அதை அவிழ்ப்பாள். சுண்டல் சூப்பரிண்டெண்டின் அகமுடையாள் என்று பின் வரிசையில் சிரிப்பார்கள். அவள் மென்று முடித்து, முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு, விரல் ஒன்று குறைந்த காலோடு எழுந்து, எவர் கையையும் பிடிக்காமல் நடந்து என்னிடம் வருவாள்.